ஆட்டிசப் பள்ளியின் கமிட்டியில் சேரச் சொல்கிறார்கள். அங்கே எனக்கு என்ன வேலை?

நங்கநல்லூர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பொதுத்துறை வங்கியில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்று இருக்கிறது. நாற்பது பிள்ளைகள், பதினோரு ஆசிரியைகள், வாடகைக் கட்டடம். நடத்துகிற அம்மா, தன் மகனை எந்தப் பள்ளியிலும் சேர்த்துக்கொள்ளாததால் வீட்டு மாடியில் நான்கு பிள்ளைகளை வைத்துத் தொடங்கியவர். காலை நடையில் பழக்கமான நண்பர் ஒருவர் அங்கே கமிட்டியில் இருக்கிறார். "சார், பேங்க்ல இருந்தவர் ஒருத்தர் வேணும். வருஷத்துக்கு நாலு மீட்டிங்தான். வந்து உட்காருங்க, போதும்" என்கிறார். சம்பளம் கிடையாது. டீயும் மெதுவடையும் உண்டாம்.

"வந்து உட்காருங்க, போதும்" என்பதுதான் உறுத்துகிறது. வங்கியில் அப்படிச் சொல்லிக் கையெழுத்து வாங்கப்பட்ட ஃபைல்கள் எங்கே போய் முடிந்தன என்று பார்த்தவன் நான். ஆட்டிசம் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. என்னைப் போன்ற ஆள் அங்கே என்ன செய்யலாம், எதில் கை வைக்கக்கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம் அம்மா

சார், என் மகனுக்குப் பதினாறு வயது. அவன் படிக்கிற பள்ளியின் கமிட்டியில் ஆறு வருடமாகப் பெற்றோர் பிரதிநிதியாக இருக்கிறேன். கை வைக்கக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கமிட்டிக்குப் புதிதாக ஒருவர் வந்தார். கட்டட வேலை எடுத்துச் செய்பவர், தங்கமான மனிதர். "சுவரெல்லாம் அழுது வடியுது, பிள்ளைங்க இருக்கற இடமா இது" என்று வருத்தப்பட்டு, கோடை விடுமுறையில் சொந்தச் செலவில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். வெறும் பெயிண்டா? யானை, ஒட்டகச்சிவிங்கி, வானவில் என்று அறைக்கு ஒரு காடு. நாங்களும் கைதட்டினோம், பொய் சொல்லவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. என் மகன் வகுப்பு வாசற்படியிலேயே நின்றுவிட்டான். உள்ளே பார்க்கிறான், காதைப் பொத்திக்கொள்கிறான், திரும்பி வேனைப் பார்க்கிறான். அவன் வகுப்பில் இன்னொரு பையன் ஒட்டகச்சிவிங்கியின் புள்ளிகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான். பதினோரு மணிக்குள் விரல் நுனியில் ரத்தம். அந்தச் சுவர் மங்கல் வெள்ளையாக இருந்ததற்குக் காரணம் காசில்லாமை இல்லை சார். டீச்சர்கள் யோசித்து அப்படி வைத்திருந்தார்கள். கண்ணுக்குள் ஒரே நேரத்தில் அத்தனையும் வந்து விழுந்தால் எங்கள் பிள்ளைகளால் எதையுமே பார்க்க முடியாது. ஆகஸ்டில் மறுபடி வெள்ளை அடித்தோம். யானை மட்டும் ஆபீஸ் அறையில் இன்னமும் நிற்கிறது.

அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போகவில்லை. இன்று எங்கள் கமிட்டியில் நான் அதிகம் நம்புவது அவரைத்தான். யார் எதைக் கொண்டுவந்தாலும் "டீச்சரைக் கேட்டாச்சா?" என்பார்.

வரவு செலவு

ஆடிட்டர் பேசுகிறேன், அதனால் கொஞ்சம் வறட்சியாக இருக்கும்.

சம்மதம் சொல்வதற்கு முன்னால் அது எந்த வகைப் பதிவு என்று கேளுங்கள். டிரஸ்ட் பத்திரமா, 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் வருகிற சங்கமா, கம்பெனிச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் வருகிற லாப நோக்கமில்லாத நிறுவனமா? உங்கள் பொறுப்பு எதுவரை என்பது அதைப் பொறுத்தது. சங்கம் என்றால் பொதுக்குழு கூட்டினார்களா, நிர்வாகிகள் மாறியதைப் பதிவாளரிடம் கொடுத்தார்களா என்று பாருங்கள். நான் பார்த்த ஓர் இடத்தில், காலமாகி நான்கு வருடம் ஆனவர் பதிவேட்டில் இன்னும் பொருளாளர். நல்ல வேளை, காசோலையில் கையெழுத்து மட்டும் போடவில்லை.

அப்புறம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட நிறுவனம் நடத்தப் பதிவுச் சான்று கட்டாயம். ஆபீசில் அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கும்பிட்டுவிட்டு வராமல் தேதியைப் படியுங்கள்.

வருமான வரியில், 2021-இல் எல்லா டிரஸ்ட்டுகளையும் மறுபதிவு செய்ய வைத்தார்கள். பழைய "ஆயுள் முழுக்கச் செல்லும்" சான்று எல்லாம் போயிற்று. பதிவு முடிகிற தேதி எது, புதுப்பிக்க விண்ணப்பம் போட்டாயிற்றா என்று கேளுங்கள். 2026 ஏப்ரலிலிருந்து புது வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆனால் கொடுப்பவர்கள் வாயில் இன்னும் "80ஜி உண்டா?"தான், அதாவது நன்கொடைக்கு வரிச் சலுகை உண்டா என்று. இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. நன்கொடை விவரத்தை மே 31-க்குள் துறைக்குத் தரவேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய். சின்னப் பள்ளிகள் இதில்தான் வழுக்கி விழுகின்றன. திருட்டு எண்ணமெல்லாம் கிடையாது, பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. நிறுவனரோ உறவினரோ சம்பளம் வாங்கலாம். தப்பே இல்லை. ஆனால் வேலைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும், அவர் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் பேசி முடிவெடுத்தார்கள் என்று மினிட்ஸ் நோட்டில் இருக்க வேண்டும். அளவு மீறினால் வரிவிலக்குக்கே வினை.

ஏழாம் அறை டீச்சர்

ஆடிட்டர் சார் சொன்ன எல்லாத் தாள்களும் சரியாக இருந்த பள்ளியிலிருந்துதான் நான் ராஜினாமா செய்தேன்.

சிறப்புக் கல்வியில் பி.எட்., ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு, ஒன்பது வருட அனுபவம். ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏழு வயது, பேச்சு இல்லை. தாகம் எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் கையைக் கடிப்பான். அவனுக்குத் தண்ணீர் டம்ளர் படம் போட்ட அட்டை ஒன்று செய்தேன். அவன் கையைப் பிடித்து அட்டையை எடுக்க வைத்து, என் உள்ளங்கையில் வைக்க வைத்து, உடனே தண்ணீர் கொடுப்பது. ஒரு நாளைக்கு இருபது முறை. பத்தொன்பது முறை அட்டை பறக்கும். ஐந்தாவது மாதத்தில் ஒரு மதியம், நான் வேறொரு பையனுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். முதுகில் ஏதோ தட்டியது. திரும்பினால் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அடுத்த கட்டமாக டேப்லெட்டில் படம் தொட்டால் பேசும் செயலி. ஆவாஸ் என்று நம்ம சென்னையில் உருவானதே, தமிழிலும் பேசும். அதற்குப் பழக்க ஆரம்பித்தோம்.

அப்போது என் சம்பளம் பதினாறாயிரம். மூன்று வருடமாக ஏறவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்". அதே வருடம் வாசலில் கிரானைட் பலகையும் ஆர்ச்சும் வந்தன. வீட்டு வாடகை ஏறியபோது பெரிய பள்ளி ஒன்று இரண்டு மடங்கு கொடுத்துக் கூப்பிட்டது. போய்விட்டேன். அந்தப் பையன் திரும்பக் கடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். இதைப் பற்றி எனக்குக் குற்ற உணர்ச்சி இருக்கிறது. கமிட்டிக்கு இருக்கிறதா என்று தெரியாது.

சார், நீங்கள் பேங்க் ஆள். உங்களுக்கு ஆட்டிசம் தெரியாவிட்டால் பரவாயில்லை. கணக்கில் சம்பளத் தலைப்பை மட்டும் மூன்று வருடத்துக்குச் சேர்த்து வைத்துப் பாருங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று கேளுங்கள். பாடத்திட்டத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

முன்னாள் டிரஸ்டி

நங்கநல்லூர் சார், நேராகச் சொல்கிறேன்: சேராதீர்கள்.

நான் எட்டு வருடம் இருந்தேன், வேறொரு பள்ளியில். எல்லாம் நிறுவனர் முடிவுதான். அஜெண்டா மீட்டிங் அன்று காலையில் வாட்ஸ்அப்பில் வரும். கணக்கு, மேசையில் வைத்துத் திரும்ப எடுக்கப்படும். நாங்கள் ஏழு பேரும் தஞ்சாவூர்ப் பொம்மைகள். தலையாட்டலில் ஒருவருக்கொருவர் சளைக்கவில்லை. ஒருமுறை "உங்களுக்குப் பிறகு யார் மேடம்?" என்று கேட்டேன். அறையே உறைந்தது. "என்னை அனுப்பிவைக்கப் பார்க்கறீங்களா?" என்றார். அடுத்த கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை, அடுத்ததற்கும் வரவில்லை. கடிதம் கொடுத்துவிட்டேன்.

அந்த அம்மா செய்ததில் பத்தில் ஒரு பங்குகூட என்னால் செய்திருக்க முடியாது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மதிப்பு வேறு, கேள்வியில்லாமை வேறு. அவருக்கு உடம்பு முடியாமல் போன வருடம், சம்பளக் காசோலையில் கையெழுத்துப் போட இரண்டாவது ஆள் இல்லாமல் இருபது நாள் தவித்தார்கள்.

மடிப்பாக்கம் அம்மா

முன்னாள் டிரஸ்டி சார், அதற்காக எல்லோரும் ஒதுங்கிவிட்டால் அந்த அம்மா தனியாகவே கிடந்து சாகவேண்டியதுதானா? உயிரைக் கொடுத்துப் பள்ளியைத் தொடங்கியவரிடம், நாலு மீட்டிங்குக்கு வருகிறவர் "உங்களுக்குப் பிறகு யார்" என்றால் கோபம் வரத்தான் செய்யும். கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. தனியாகப் பார்த்து, காபி குடிக்கும்போது கேட்டிருக்கலாம்.

கமிட்டி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகளின் ஃபைல்கள், ஊஞ்சல், மெத்தை எல்லாம் போச்சு. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே நாற்காலி என்று பழகிய பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருந்த பெற்றோர்கள் பட்ட பாட்டை எழுதினால் இந்த இழை போதாது. பெயிண்ட் அடித்தாரே, அவர்தான் தெரிந்தவரின் டியூஷன் சென்டர் மாடியை ஒரு மாதத்துக்குப் பேசி வாங்கினார். அன்றே பிள்ளைகளைக் கூப்பிட்டுவிடலாம் என்றோம் நாங்கள். டீச்சர்கள் விடவில்லை. படிக்கட்டு, கதவு, கழிப்பறை, சாப்பிடும் இடம் என்று ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வீடுகளுக்கு அனுப்பி, இரண்டு நாள் படத்தைக் காட்டிப் பழக்கிய பிறகுதான் கூப்பிட்டார்கள். என் மகன் போனதும் போட்டோவில் பார்த்த பச்சைக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே நடந்தான். கட்டடம் பிடித்தது கமிட்டி, கதவு திறந்தது டீச்சர்.

இன்னொன்று. கட்டணம் ஏற்றும் தீர்மானம் வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன், என் பையில் இருந்து போகிற பணம் என்பதால். பெற்றோர் கமிட்டியில் இருக்கட்டும், ஆனால் பாதிக்கு மேல் வேண்டாம். பெற்றோர்களே திட்டினாலும் இதுதான் என் கருத்து.

வேன் டிரைவர், ஆயா, வந்து போகிற தன்னார்வலர்கள் பற்றி எழுத்தில் விதிமுறை இருக்கிறதா என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் இவர்கள். பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறதோ என்று சந்தேகம் வந்தாலே போலீசுக்குச் சொல்வது 2012 போக்சோ சட்டப்படி கடமை. "பள்ளிப் பெயர் கெடும்" என்று மூடி மறைத்தால் பொறுப்பில் இருப்பவருக்கும் சிறை உண்டு.

பட்ஜெட் பாபு

ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பிரிவில் இருந்தவன். டீச்சர் சொன்ன கிரானைட் பலகைக்கு எங்கள் பக்கத்துப் பாவமும் உண்டு.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் வருகிற நிறுவனங்கள், கடந்த மூன்று வருட லாபச் சராசரியில் இரண்டு சதவீதம் சமூகப் பணிக்குச் செலவு செய்தாக வேண்டும். மார்ச் நெருங்கினால் எங்களுக்கு ஜன்னி. படம் எடுக்கத் தோதாக ஏதாவது வேண்டும். வேன், கம்ப்யூட்டர் லேப், உணர்வுத் தூண்டல் அறை என்றால் உடனே கையெழுத்து. டீச்சர் சம்பளம் என்றால் "இது தொடர் செலவாச்சே, நாங்க விலகினா என்ன பண்ணுவீங்க?" என்று நீட்டி முழக்குவோம். பள்ளிகளும் கிடைக்கிறதை விடுவானேன் என்று வாங்கிவிடும். வேன் வரும், டீசலுக்கும் டிரைவருக்கும் காசு வராது.

எனக்குத் தெரிந்து ஒரே ஒரு கமிட்டிதான் வேண்டாம் என்றது. "வேன் வேண்டாம், இரண்டு டீச்சருக்கு மூன்று வருடச் சம்பளம் தாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் மேலதிகாரிக்கு முகம் சுருங்கியது. ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது, பெற்றோர் எவ்வளவு தருகிறார்கள், இடைவெளி எவ்வளவு என்று பைசா சுத்தமாக இருந்தது. எழுதியவர் கமிட்டியில் இருந்த ரிட்டயர்டு ஸ்டோர்ஸ் ஆபீசர். பணம் கிடைத்தது.

டியூப்லைட்

எனக்கு ஆட்டிசம். வயது 29. பெருங்குடியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. இந்த இழையைக் கடைசிவரை படித்தேன். எங்களைப் பற்றி எல்லோரும் பேசியிருக்கிறீர்கள். உங்கள் கமிட்டிகளில் எங்களில் ஒருவர்கூட இருப்பதாகத் தெரியவில்லை.

தமிழில் இதற்கு மதியிறுக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் மதி இறுகவில்லை. நான் படித்த பள்ளியின் அறையில் ஒரு டியூப்லைட் எப்போதும் உறுமிக்கொண்டே இருக்கும். மற்றவர்களுக்குக் கேட்காது. நான்கு வருடம் அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். நான் அடம்பிடிப்பதற்காக எனக்கு விதவிதமான பயிற்சிகள் கொடுத்தார்கள். யாரும் சோக்கை மாற்றவில்லை. ஆண்டு விழாவில் மைக், கைதட்டல், முகத்தில் பவுடர். மேடையில் நான் அழுததை "முதல் தடவை மேடை ஏறிய பயம்" என்று தலைவர் மைக்கில் விளக்கினார்.

கமிட்டியில் இடம் தந்தால் எனக்கு அஜெண்டா ஒரு வாரம் முன்னால் வேண்டும். மின்விசிறி சத்தம் இல்லாத அறை வேண்டும். வடை தேவையில்லை.

நங்கநல்லூர்க்காரன்

தம்பி, முதல் பதிவில் வடையைப் பற்றி எழுதியதற்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

அவனோட அக்கா

எல்லோரும் பள்ளிக்குள்ளேயே நிற்கிறீர்கள். என் தம்பிக்கு முப்பது நெருங்குகிறது.

சின்ன வயதில் அவனுக்குச் சான்றிதழ் வாங்கப் போனபோது, 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் ஏழு வகைகளில் ஆட்டிசம் கிடையாது. மனவளர்ச்சி குன்றியவர் என்று எழுதி வாங்கி வந்தோம். உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசத்துக்கு இடம் கிடைத்தது 2016-இல். அதற்குள் அவன் பள்ளிக்காலம் முடிந்துவிட்டது. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு டீச்சர்கள் கேக் வெட்டினார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவனுக்குப் போக இடமில்லை. ஆறு மாதம் தினமும் எட்டரைக்கு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கேட்டில் நிற்பான். வேன் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். அப்பா டிரைவரிடம் பேசி வேறு தெரு வழியாகப் போகச் சொன்னார்.

பதினெட்டு ஆனதும் பெற்றோரே தானாகச் சட்டப் பாதுகாவலராகத் தொடர்வதில்லை என்பதுகூட எங்களுக்குப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடும் அதே சட்டத்தின் கீழ்தான். உங்கள் பள்ளியில் பதினைந்து வயது தாண்டியவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே போகப் போகிறார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால், அதுதான் உங்கள் கமிட்டியின் வேலை.

நங்கநல்லூர்க்காரன் (ஐந்து வாரம் கழித்து)

சேர்ந்துவிட்டேன். இங்கே எழுதியவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் அல்லவா.

சம்மதம் சொல்வதற்கு முன் ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார அனுமதி கேட்டேன். டீச்சர் ஒரு நாற்காலியைக் காட்டி, "பேசாதீங்க, சிரிக்காதீங்க, செண்ட் போட்டிருந்தா நாளைக்கு வாங்க" என்றார். போடவில்லை. பதினொரு மணி வாக்கில் ஒரு பையன் வந்து என் மணிக்கட்டைத் தூக்கி, கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டான். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு என் கையை என் மடியிலேயே, எடுத்த இடத்தில், பத்திரமாக வைத்துவிட்டுப் போய்விட்டான். ஆண்டுக்கணக்காகக் கட்டியிருக்கும் கடிகாரத்தில் சத்தம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு கணக்கு. தாள்கள் பெரும்பாலும் சரி. நன்கொடை அறிக்கை மட்டும் ஒரு வருடம் தாமதம், அபராதம் கட்டியிருக்கிறார்கள். சம்பளத் தலைப்பை டீச்சர் சொன்னபடி மூன்று வருடத்துக்கு வரிசையாக வைத்தேன். தொகை கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் போட்ட தேதிகள் 3, 9, 17, 22 என்று அலைகின்றன. நன்கொடை வந்தால் சம்பளம். பதினோரு பேரில் ஐந்து பேர் இரண்டு வருடத்துக்குள் சேர்ந்தவர்கள்.

முதல் கூட்டத்தில் மூன்று மாதச் சம்பளத்தை வைப்பு நிதியாக ஒதுக்கலாம் என்றேன். எங்கிருந்து என்று கேட்டார்கள். ஆண்டு விழா மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் பணத்தில் தொடங்கலாம் என்றேன். பெற்றோர் பிரதிநிதி அழுதுவிட்டார். "வருஷத்துல ஒரு நாள் எங்க பிள்ளைங்களை ஊர் பார்க்குது சார், அதையும் எடுத்துடாதீங்க" என்றார். டியூப்லைட் தம்பி எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஒரு முடிவும் ஆகவில்லை. பள்ளி முற்றத்திலேயே, மைக் இல்லாமல் வைத்துப் பார்ப்போமா என்று நிறுவனர் அம்மாதான் கடைசியில் கேட்டார். காசோலையில் இரண்டாவது கையெழுத்துக்கு மட்டும் அன்றே தீர்மானம் போட்டாயிற்று. ஆட்டிசம் உள்ள ஒருவரைக் கமிட்டியில் சேர்ப்பது பற்றி எல்லோரும் "நல்ல யோசனை" என்றார்கள். வங்கியில் "நல்ல யோசனை" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அதனால் விடப்போவதில்லை.

பதினைந்து தாண்டிய பிள்ளைகள் ஒன்பது பேர். அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் அது முதலாவது. நிறுவனருக்குப் பிறகு யார் என்பதை, மடிப்பாக்கம் அம்மா சொன்னபடி காபி குடிக்கும்போது அவரிடமே கேட்டுவிட்டு, அவர் சம்மதத்தோடு ஐந்தாவதாகப் போட்டிருக்கிறேன்.

முன்னாள் டிரஸ்டி

ஐந்தாவது என்றால் அதற்குள் டீ வந்துவிடும் சார். இரண்டாவதாகப் போடுங்கள்.